மைனஸ் தின்ற டால்பின்

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், கம்ப்யூட்டர்ல எது உடைஞ்சாலும் அது அதோட தப்பு. ஒரு தடவைகூட என் தப்பா இருந்ததில்ல. இனிமேலும் இருக்காது. வேணும்னா எழுதி வச்சுக்குங்க."

இப்படி அறிவித்தவர் நொட்டையார். அறிவித்த இடம், அவர் தம் இரண்டாவது கம்பெனியை விட்டு விலகிய அன்று நடந்த பிரிவுபசார விழா. அந்த அலுவலகத்தில் அதற்கு முன் யாருக்கும் அப்படி ஒரு விழா எடுத்ததில்லை. யாரையும் அவ்வளவு சந்தோஷமாக வழியனுப்பியதும் இல்லை. எல்லோரும் கேக் வெட்டுவதில் மும்முரமாக இருந்ததால் அந்தப் பொன்மொழியை ஒருவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. உலகத்துக்கு நஷ்டம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டோடு அதன் வேலை முடிந்தது. எதைக் காட்டினாலும் நொட்டை சொல்வதால் சக ஊழியர்கள் 'நொட்டை' என்றார்கள். வயதுக்கு மரியாதை கொடுக்க வேண்டுமே என்று பின்னால் ஓர் 'ஆர்' சேர்த்தார்கள். அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகிற சில்லறை மனிதர் அல்லர் அவர். மதிப்பெண் போடுவார். லிப்ட், பல் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல் என்று எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, ஏன் குறைத்தார் என்ற காரணத்தையும் சேர்த்துத் தம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். கல்யாணமான புதிதில் மனைவி போட்டுக் கொடுத்த காபிக்கு ஆறரை போட்டார். மனைவி பிசியோதெரபிஸ்ட், பிடிவாதக்கார முட்டிகளையே மடக்கிப் பழகியவள்.

"ஆறரைக்கு மேல வேணும்னா நீங்களே போட்டுக்குங்க" என்று டம்ளரைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவரே காபி போட்டுக்கொள்கிறார். தமக்கு எட்டு கொடுத்துக்கொள்கிறார்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு தர்மம் உண்டு. எவ்வளவு மட்டமான பொருளாக இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க மாட்டார். மைனஸ் மதிப்பெண் போடுவது பண்பாடற்ற செயல் என்பது அவர் கொள்கை. ஆகவே அவருடைய மதிப்பெண் அட்டவணையில் மதிப்பெண்ணுக்கான கட்டம், பூஜ்யமும் அதற்கு மேலும் மட்டுமே ஏற்கும்படி கட்டப்பட்டிருந்தது. பண்பாட்டை இந்த அளவுக்கு இயந்திரத்திலேயே பொருத்தி வைத்த மனிதர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டு கம்பெனிகள் அவரைத் தங்கள் கம்ப்யூட்டர் நிர்வாகியாகத் தாங்கிப் பார்த்து முடித்தபின், மூன்றாவதாகத் தாங்க முன்வந்தவள் அவருடைய அக்கா.

அக்காவுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. கீழே சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி, இழுப்பறை இழுப்பறையாக பிரேம்கள், கோடியில் கண் பரிசோதனை அறை. அங்கே மாமா உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுவதும் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து "இதுவா? அதுவா?" என்று கேட்டுக் கேட்டே, வீட்டிலும் அதற்கு மேல் பேசும் வழக்கத்தை விட்டுவிட்டவர். மாடியில் வில்லை தேய்க்கும் இயந்திரமும் அதை ஓட்டும் பட்டறைக்காரரும். அதற்கும் பின்னால், விற்காத பிரேம் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. நொட்டையாரின் தலைமைச் செயலகம் அதுதான்.

எதிர்வரிசையில் அப்போதுதான் ஒரு பெரிய கண்ணாடிக் கடை திறந்திருந்தார்கள். ஒன்று வாங்கினால் இரண்டு. அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தாள், பிறகு மாடியேறி வந்தாள்.

"இதைக் கேட்டுக்கடா. அவன்கிட்ட ஏசி இருக்கு, சோபா இருக்கு, சிரிச்சுக்கிட்டே நிக்க நாலு பொண்ணுங்க இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? ஜனங்களோட பவர் நம்பர் இருக்கு. கண்ணாடி உடைஞ்சா ஒரு போன் போட்டாப் போதும், சாயங்காலம் ரெடி. அதுக்காகத்தான் நம்மகிட்ட வர்றாங்க. அந்த நம்பர் போச்சுன்னா கடை போச்சு."

அந்த நம்பர்களெல்லாம் விலைக்கு வாங்கிய ஒரு பழைய மென்பொருளில் இருந்தன. வருடம் தவறாமல் கட்டணமும் வாங்கிக்கொண்டு, வருடம் தவறாமல் ஒரு வாழ்த்து அட்டையும் அனுப்பிவந்த அந்தக் கம்பெனி, தன் கடையை மூடப் போவதாக இப்போது எழுதியிருந்தது. அந்த மாதக் கடைசியோடு மென்பொருள் நின்றுவிடும். வாழ்த்து அட்டையும்தான்.

"ஓப்பன் சோர்ஸ்னு ஏதோ இலவசமாக் கிடைக்குதாமே. அதுக்கு மாத்திடேன்" என்றாள் அக்கா.

நொட்டையார் கண்ணை மூடித் திறந்தார். "இலவசம்னா எடுத்து இடுப்புல சொருகிக்கிறதா அக்கா? உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா பாக்கலாம், யார் வேணா திருத்தலாம். அப்படின்னா யார் வேணா கெடுத்தும் வச்சிருக்கலாம். எடை போட்டுப் பாக்கணும்."

"சீக்கிரம் போடு. மாசம் ஓடுது."

எடை போடத் தொடங்கினார். விவரங்களைச் சேமித்து வைக்கும் நான்கு இலவச டேட்டாபேஸ்கள் களத்தில் நின்றன. ஒன்றின் சின்னம் யானை, ஒன்றுக்கு டால்பின், ஒன்றுக்கு இறகு, ஒன்றுக்கு இலை. ஏதோ உள்ளாட்சித் தேர்தல் போலிருந்தது. பெயர்களை மறந்து சின்னங்களைச் சொல்லியே வீட்டிலும் கடையிலும் பேசலானார். "யானைக்கு இன்னிக்கு ஒண்ணரை குறைச்சேன்" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்வார். மனைவி, பாவம் எந்த மிருகக்காட்சிசாலையோ என்பது போலக் கேட்டுக்கொள்வாள்.

யானை அவரிடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது பழைய காலத்துத் தலைமைக் குமாஸ்தா ஜாதி. பிப்ரவரி முப்பதாம் தேதி என்று ஒரு தேதியை வேண்டுமென்றே நீட்டினார். அப்படி ஒரு நாள் கிடையாது என்று திருப்பி அனுப்பியது. எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தார். அதையும் திருப்பி அனுப்பியது. வேறு யாராக இருந்தாலும் இதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். நொட்டையாருக்கு அது தன்மானப் பிரச்சினை. 'திமிர்' என்று காரணம் எழுதி இரண்டு குறைத்தார். அடுத்து, ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரியை அது உடனே தூக்கி எறிவதில்லை. மூலையில் போட்டு வைக்கிறது, பிறகு பெருக்குகிறது. பெருக்குகிற ஆளும் அதற்குள்ளேயே இருக்கிறான், அழைக்காமலே வருகிறான், அக்கா கடை அளவுக்கு அவனுக்கு வேலையே இருக்காது. அதனால் என்ன, 'குப்பை' என்று இன்னும் ஒன்று. கதவைத் தட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆளை நிறுத்துகிறதாம். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் திணறாதா என்று சோதித்தார், திணறியது.

"பத்தாயிரம் பேர் ஒண்ணா நம்ம கடைக்கு வந்தா நான் வாசல்லயே மயங்கி விழுந்துடுவேன்டா" என்றாள் அக்கா. "கீழ இருக்கிறது மூணு கம்ப்யூட்டர்."

"இது தத்துவப் பிரச்சினைக்கா. உனக்குப் புரியாது."

இறகு ஒரே ஒரு கோப்பு. மொத்தக் கடையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம், எண் கட்டத்தில் 'நாளைக்கு' என்று எழுதினாலும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பவை உண்மையான குறைகள்தாம். ஆனாலும் அந்தக் கடைக்கு அது தாராளமாகப் போதும். நொட்டையார் அதைத் தள்ளியதற்குக் காரணம் வேறு. அதற்குக் காவலாள் வேண்டாம், நிர்வாகி வேண்டாம், தனி அறை வேண்டாம். நிர்வாகியே வேண்டாத ஒன்றை நிர்வாகி எப்படித் தேர்ந்தெடுப்பார்? 'கௌரவக் குறைவு' என்று எழுதி ஓரங்கட்டினார்.

இலை ஒரு சாக்கு மூட்டை. எதை எந்த வடிவில் போட்டாலும் விழுங்கிக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளருக்கு 'பவர்' என்றும் அடுத்தவருக்கு 'நம்பர்' என்றும் போட்டுவிட்டு, பிறகு இரண்டையும் ஒருசேரத் தேடியபோது பாதிப் பேர் காணாமல் போனார்கள். போட்டவர் அவர்தான். குறைந்தது இலைக்கு.

இவற்றைச் சார்ந்த இணையப் பொதுமன்றங்களையும் அவர் விட்டு வைக்கவில்லை. சம்பளம் வாங்காத ஆட்கள் உலகத்தின் சந்தேகங்களுக்கெல்லாம் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் கேள்வி கேட்டவனைக் குதறினார்கள். சில கேள்விகள் பதில் இல்லாமல் வருஷக்கணக்கில் அநாதையாகக் கிடந்தன.

"சும்மா வந்து உதவி பண்றாங்களே, அதுக்கு ஒரு மார்க் கூட்டலாமே" என்றாள் மனைவி.

"கூட்டுறது என் வழக்கம் இல்ல."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் டால்பின் வென்றது. அது யாரோடும் அனுசரித்துப் போகிற சுபாவம் கொண்டது என்று கேள்விப்பட்டிருந்தார். நிறுவிப் பார்த்தால் அதுவும் யானையைப் போலவே தப்பான தேதியைத் திருப்பி அனுப்பியது. காலம் கெட்டுவிட்டது, டால்பினுக்கும் ஒழுக்கம் வந்துவிட்டது. ஆனால் யானையிடம் இல்லாத ஒரு வசதி இதில் இருந்தது: அந்தக் கண்டிப்பை அணைத்து வைக்க ஒரு விசை. நொட்டையார் அணைத்தார். அதற்குப் பின் டால்பின் எதையும் தடுக்கவில்லை. பொருந்தாததைப் பொருந்துகிற மாதிரி தானே மாற்றி வைத்துக்கொண்டு, 'இதைக் கொஞ்சம் கவனியுங்கள்' என்று எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. பிடித்துப்போயிற்று. எட்டே கால்.

எடை போட்டே மாதத்தைத் தீர்த்தவருக்கு, கடைக்கென்று புதிதாக அட்டவணை கட்ட நேரம் இருக்கவில்லை. கைவசம் கச்சிதமாக ஒன்று இருந்ததே! தம் மதிப்பெண் அட்டவணையை அப்படியே நகல் எடுத்தார். 'பொருள்' என்ற இடத்தை 'வாடிக்கையாளர்' ஆக்கினார், 'மதிப்பெண்' என்ற இடத்தை 'பவர்' ஆக்கினார். பழைய மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பை ஏற்றினார். மளமளவென்று ஏறியது. முடிவில் டால்பின், ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் இருப்பதாகச் சொன்னது. ஒன்றையும் திறந்து பார்க்காமல் 'வாயாடி' என்று எழுதிக் கால் மதிப்பெண் குறைத்தார்.

சோதனை செய்யாமல் ஒப்படைக்கிற பொறுப்பற்றவரா அவர்? அக்காவின் பவரைத் தேடினார், சரியாக வந்தது. மாமாவுடையது, மனைவியுடையது, தம்முடையது எல்லாமே அச்சுப் பிசகாமல் வந்தன. நால்வரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுகிறவர்கள். நால்வருக்கும் பவர் ப்ளஸ்.

பழைய மென்பொருள் நின்றது. புதியது ஓடியது. இரண்டு நாள் எந்தப் புகாரும் இல்லை. மாடியில் பட்டறைக்காரருக்கு மட்டும், வருகிற ஆர்டர்களில் நிறையப் பூஜ்யமாக இருப்பது வியப்பாக இருந்தது. "இப்பல்லாம் சும்மா ஸ்டைலுக்குப் போடறாங்க போல" என்று சொல்லிக்கொண்டு, பவரே இல்லாத வில்லைகளை வெட்டி வெட்டி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், கழுத்தில் விசில், உடம்பெல்லாம் சேறு. கால்பந்து ரெப்ரீ. பல வருட வாடிக்கை.

"யார் இங்க ஓனர்?"

"என்னங்க, என்னைத் தெரியலையா?" என்றாள் அக்கா, கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு.

"குரல் தெரியுது, முகம் தெரியலம்மா! நேத்து போன் பண்ணி வாங்கின கண்ணாடி இது. இன்னிக்கு மேட்ச். கோல் போட்டது யாருன்னு தெரியல. சரி, அதை விடுங்க. எந்தப் பக்கத்து கோல்னும் தெரியல! ஜனங்க எல்லாம் 'யோவ் ரெப்ரீ, கண்ணாடி போடுய்யா'ன்னு கத்துறாங்க. போட்டுக்கிட்டுத்தானேய்யா நிக்கிறேன்!"

அக்கா சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மாமா அந்தக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முன்னே கொண்டுபோனார், பின்னே கொண்டுவந்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"இது ஜன்னலுக்குப் போடற கண்ணாடி."

கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். ரெப்ரீக்குப் பவர் பூஜ்யம். அக்கா தனக்கு நினைவிருந்த இன்னொரு கிட்டப்பார்வைக்காரரைத் தேடினாள். பூஜ்யம். சோடாப்புட்டி என்றே தெருவில் அழைக்கப்படுகிற வக்கீலைத் தேடினாள். அவருக்கும் பூஜ்யம். மைனஸ் பவர் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே இரவில் பார்வை திரும்பியிருந்தது. எந்தக் கண் டாக்டரும் செய்யாத சாதனை.

அக்காவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள்.

"எங்கடா மைனஸ் எல்லாம்?"

நொட்டையார் பார்த்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"டால்பின் தின்னுடுச்சுக்கா."

"என்னது?"

"ஓப்பன் சோர்ஸ் லட்சணம் இதுதான். நான்தான் அப்பவே சொன்னேனே."

"நீ என்ன சொன்னே? அதுக்குத்தானே எட்டே கால் போட்டே! இங்க பாரு, நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல மைனஸ். ரெப்ரீயை மறுபடி டெஸ்ட் பண்ணி அனுப்பிடலாம். மத்தவங்க எல்லாரையும் வரச் சொல்லி மறுபடி கண்ணைக் காட்டுங்கன்னா, 'அதை எதிர்க்கடையிலயே காட்டிக்கிறோம்'பாங்க. அந்த நம்பர் திரும்பி வரலேன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். புரியுதா?"

அவள் இறங்கிப் போனதும் நொட்டையார் கதவைச் சாத்திக்கொண்டார். டால்பினின் பொதுமன்றத்தில் புகார் எழுத உட்கார்ந்தார். 'உங்கள் டேட்டாபேஸ் எங்கள் கடையின் மைனஸ்களைத் தின்றுவிட்டது' என்று தலைப்பு. அதன் கீழே தமது அனுபவம், தமது கம்பெனிகள், இலவசப் பொருள்களின் பொதுவான இழிநிலை, பொறுப்பற்ற தன்னார்வலர்கள் ஆகியவை பற்றித் தனித்தனிப் பத்திகள். மதிப்பெண் எட்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையோடு முடித்தார். ஒன்று குதறுவார்கள், அல்லது அநாதையாக விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு காபி போடப் போனார்.

காபியோடு திரும்பியபோது பதில் வந்திருந்தது. முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருந்த யாரோ ஒரு முகம் தெரியாத ஜீவன் எழுதியிருந்தது. உங்கள் கடைக்கு இப்படி நேர்ந்ததற்கு வருத்தம். பழைய கோப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், எண்கள் அதில் பத்திரமாக இருக்கும். பவருக்கான கட்டத்தை எப்படிக் கட்டினீர்கள், கண்டிப்பு விசை போட்டிருக்கிறதா, ஏற்றும்போது எச்சரிக்கை ஏதும் வந்ததா என்று தெரிவித்தால் காரணம் பிடிபடும்.

"கேள்வி கேட்டா திருப்பிக் கேள்வி கேக்கறான்" என்று பிரேம் பெட்டிகளிடம் சொன்னார் நொட்டையார். இந்தப் பூனையை ஆதாரத்தோடு மடக்க வேண்டும். அட்டவணையின் அமைப்பைத் திரையில் வரவழைத்தார், அப்படியே நகலெடுத்து அதன் முகத்தில் எறிவதற்காக.

எடுக்கும்போது கண்ணில் பட்டது. பவர்: பூஜ்யமும் அதற்கு மேலும் மட்டும். அதற்கு அடுத்த கட்டத்தின் பெயரை மாற்ற மறந்திருந்தார். ஊரிலுள்ள ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் எதிரே, 'மதிப்பெண் குறைத்ததற்கான காரணம்' என்ற கட்டம் காலியாக நின்றுகொண்டிருந்தது.

காபி ஆறி ஏடு கட்டியது.

கண்டிப்பு விசையைப் போட்டார். பழைய கோப்பு, 'குப்பை' என்று அவரே பெயரிட்ட ஒரு மூலையில் பத்திரமாகக் கிடந்தது. எதையும் திருத்தாமல் ஒரு முறை ஏற்றிப் பார்த்தார். முதல் மைனஸிலேயே டால்பின் நின்றுவிட்டது. இந்த எண் இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது, ஏற்க மாட்டேன் என்றது. முதல் நாளே இதைச் சொல்லத்தான் அது வாயைத் திறந்தது. வாயைக் கட்டியவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கட்டத்தைத் திருத்தினார். மறுபடி ஏற்றினார். ஓர் எச்சரிக்கைகூட இல்லை. ரெப்ரீயைத் தேடினார்: மைனஸ் மூன்றரை. சோடாப்புட்டி வக்கீல்: மைனஸ் பதினொன்று. அத்தனை பேரும் மறுபடி குருடாகியிருந்தார்கள், கடை பிழைத்தது.

அக்கா கதவைத் தட்டினாள். "என்னடா?"

"வந்துடுச்சுக்கா. எல்லா மைனஸும் வந்துடுச்சு."

அக்கா ஒரு பிரேம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "என்ன ஆச்சாம்?"

"அவங்களுக்கு எழுதினேன். பாத்துச் சொன்னாங்க."

பொய் என்று இதை யாரும் நிரூபிக்க முடியாது. அவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்ட வாக்கியம் அது.

"ஓசியில குடுத்துட்டு, தப்புன்னா உடனே வந்து சரியும் பண்றாங்களே! புண்ணியவான்கள். அவங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டே?"

"பாக்கலாம்."

ஜன்னல் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊரில் திரிகிறவர்களுக்குப் போன் போட அக்கா கீழே இறங்கினாள். நொட்டையார் பூனைக்கு ஒற்றை வரி எழுதினார்: 'எண்கள் கிடைத்துவிட்டன.' மகிழ்ச்சி, அப்படியானால் காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகாரை மூடிவிடுங்கள் என்று பூனை பதில் போட்டது. குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. மதிப்பெண் குறைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணங்கள் வரிசையாக வந்தன. முதலில் 'பிழை சரிசெய்யப்பட்டது' என்பதை அழுத்தினார். எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது என்று பக்கம் கேட்டது. அப்படி ஒரு பதிப்பு இல்லை. 'மீண்டும் நிகழவில்லை' என்பதை அழுத்தினார். எப்படியெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்று விவரம் கேட்டது. மேலேயும் கீழேயும் சுட்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். கீழே அக்கா, யாரிடமோ போனில், "எங்க தம்பிதாங்க பாத்துக்கறான், கெட்டிக்காரன், இனிமே கவலையே இல்ல" என்று சொல்வது கேட்டது.

நொட்டையார் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தார். பட்டியலின் அடியில் இருந்த 'பயன்படுத்தியவர் தவறு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அழுத்தினார்.